ஆட்டத்தை நிறுத்தியவன் எழுதிக்கொள்வது

1

என்னைப் பாராட்டி நம் ஊர் வாசகசாலையில் கூட்டம் போட்டீர்களாம். 'வெள்ளைக்காரன் ஆட்டத்தை நடுவில் புகுந்து நிறுத்திய தமிழன்' என்று வாசலில் பலகை வைத்தீர்களாம். என் மைத்துனன் பூரித்துப்போய் இரண்டு தாள் நிறைய எழுதியிருக்கிறான். அடுத்த கூட்டத்தில் வாசிக்க நானே அந்தச் சம்பவத்தை எழுதி அனுப்ப வேண்டுமாம்.

எழுதுகிறேன். வாசிப்பதானால் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள். பாதியை வாசித்துவிட்டுப் பேச்சாளர் பக்கம் திரும்புவதாக இருந்தால் அடுப்பில் போடுங்கள்.

இப்போது நான் இருப்பது ஜோகூரில் உலு திராம். ஒரே தெரு. சீனர் மளிகைக்கும் சவரக் கடைக்கும் நடுவே என் மருந்துக்கடை. காலையில் கொய்னா மருந்து கலக்கி வரிசையாகக் குப்பியில் ஊற்றி வைப்பேன். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்திலிருந்து வருகிறவருக்கு மலாய், சீனருக்கு அரை மலாய், நம்மவருக்குத் தமிழ். மூன்று பேருக்கும் அதே காய்ச்சல்தான். நாள் முழுக்க இப்படி நாக்கைப் புரட்டிப் புரட்டி, வீட்டுக்குள் வந்ததும் மனைவியிடம் "சுடா மாக்கான்?" என்று கேட்டுவிடுகிறேன். சாப்பிட்டாயா என்று அர்த்தம். அவள் பதில் சொல்வதில்லை. நாற்பது வயதுக்கு மேல் புருஷன் மலாயில் விசாரித்தால் எவள் பதில் சொல்வாள்?

இந்த ஊரை எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊரும் எனக்குப் பிடித்ததில்லை. பிடித்திருந்தால் கப்பல் ஏறியிருப்பேனா?

2

சம்பவம் நடந்தது இங்கே அல்ல. வடக்கே, சாஆ என்கிற ஊரைத் தாண்டி ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கே பதினேழு வருஷம் டிரெசராக இருந்தேன். டிரெசர் என்றால் டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மைத்துனன் அப்படித்தான் சொல்லிவைத்திருப்பான். டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை மோட்டாரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மீதி இருபத்தொன்பது நாளும் புண் கட்டுவது, காய்ச்சலுக்கு மருந்து ஊற்றுவது, செத்தவனுக்குத் தாள் எழுதுவது எல்லாம் டிரெசர்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட வேண்டும். மற்றவர்கள் அவனைக் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்க்க வேண்டும். சாயாமல் ஓடி எதிரியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தை மண்ணில் ஊன்றிவிட்டால் ஜெயம். எங்கள் ஆட்கள் அதற்கு 'முட்டைப் பந்து' என்று பேர் வைத்தார்கள். வேறு மரியாதை அதற்குத் தேவையில்லை.

எங்கள் பெரிய துரை இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்து ஆசாமி. அவர் சீமையில் பக்கத்துக்குப் பதின்மூன்று பேர் ஆடுவார்களாம். தெற்கத்தி வெள்ளைக்காரர்கள் பதினைந்து பேர் ஆடுவார்கள். பதின்மூன்று பேர் ஆட்டம் சுரங்கத்தில் வேலை செய்கிறவன் ஆட்டம் என்று அவர்களுக்கு இளப்பம். வெள்ளைக்காரனுக்குள்ளும் இதெல்லாம் உண்டு. ஆனால் காட்டுக்குள் ஆள் கிடைக்க வேண்டுமே? நாலைந்து தோட்டம் ஒன்றாகச் சேர்ந்தால்தான் பதின்மூன்று பேரே தேறினார்கள். அதனால் துரை சொன்ன கணக்கே நின்றது. இப்படிச் சேர்ந்த கூட்டம் நாலு. அவர்களுக்குள் ஒரு கமிட்டி, ஒரு காரியதரிசி, வருஷத்துக்கு ஒரு கோப்பை. சம்பளம் வாங்காமல் ஆடுவதுதான் கௌரவம் என்று கமிட்டிச் சட்டத்தில் முதல் வரியே எழுதியிருந்தது. அப்படிப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை தோறும் திடலில் கல் உருளை இழுத்த எங்கள் ஆட்களைவிடக் கௌரவமானவர்கள் யாரும் கிடையாது.

அந்தத் திடல் எப்படி வந்தது? ரப்பர் விலை விழுந்து, பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மீந்தவர்கள் தாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மரவள்ளியும் கீரையும் போட்டு வயிற்றைக் கழுவினார்கள். சமதரையாக இருந்தது அந்த ஒரு இடம்தான். துரை நாலு மூலையிலும் முளை அடித்தார்.

முளை அடித்த அன்று அஞ்சலை என்கிற பால்வெட்டுக்காரி தன் மரவள்ளிப் பாத்தியில் நின்றுகொண்டு துரையின் முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "இந்த மண்ணுல ஓடுறவன் காலு வெளங்காது."

துரைக்குத் தெரிந்த தமிழ் கங்காணியிடம் கற்றது. போ, வா, வெட்டு, சும்மா இரு. சாபமெல்லாம் அதில் வராது. "என்னா சொல்லுது டிரெசர்?" என்றார்.

"ஆட்டம் நல்லா நடக்கட்டும்னு சொல்றா துரை" என்றேன்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். காறித் துப்பவில்லை. அவ்வளவுதான்.

3

என் மகன் நடராஜன் இந்த நாட்டில் பிறந்தவன். ஜோகூர் பாருவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் விடுதியில் விட்டுப் படிக்க வைத்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம் தமிழ் ஒரு படி குறைந்தே வந்தான். ஒரு தடவை அவன் அம்மா ரசம் ஊற்றும்போது "போதும் லா" என்று மலாய் வாலை ஒட்டிச் சொன்னான். அவள் அன்று முழுக்க அழுதாள். நான் சிரித்தேன். இப்போது அந்த அழுகைதான் சரி என்று தோன்றுகிறது.

படிப்பு முடிந்து தோட்டத்து ஆபீசிலேயே கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, உட்கார்ந்தான். தட்டச்சு இயந்திரத்தில் வெள்ளைக்காரனைவிட வேகமாக அடிப்பான். பள்ளிக்கூடத்தில் முட்டைப் பந்து ஆடியிருந்தான். ஆகவே துரைகள் ஆடிப் பழகும்போது திடலோரம் நின்று, வெளியே வந்த பந்தை எடுத்து எறிவான். அவனை உள்ளே கூப்பிட்டதில்லை. அவனும் நின்றுகொண்டே இருந்தான்.

"வெக்கமா இல்லையாடா? அவன் ஆடுற பந்தைப் பொறுக்கிப் போடவா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் ஆள் குறையும்பா" என்றான்.

குறைந்தது. கோப்பைக்கான கடைசி ஆட்டம் எங்கள் திடலில். அன்று காலை சின்ன துரை ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நானே பார்த்து, எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து மணிக்குப் பெரிய துரை ஆபீசில் நடராஜனிடம் ஒரு சட்டையை எறிந்து, "சாயந்தரம் நீ" என்றாராம். அவன் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து சட்டையை விரித்துக் காட்டினான். இருபது வயதுப் பையன், முகம் ஏழு வயதுக்குப் போயிருந்தது. சட்டை அவனுக்குப் பெரிது.

"கால் கை ஒடிச்சுக்காதே" என்றேன்.  ஆனால் அன்று நானும் நல்ல கோட்டாக எடுத்துப் போட்டுக்கொண்டேன். இதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

4

அன்றைக்கே அஞ்சலைக்கு வலி எடுத்திருந்தது. மூன்றாவது பிள்ளை. மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தேன். மருத்துவச்சி கூட இருந்தாள். "இன்னும் நேரமிருக்கு" என்று சொல்லிவிட்டுத் திடலுக்கு வந்தேன். ஆட்டத்தன்று டிரெசர் மருந்துப் பெட்டியோடு கோட்டோரம் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. உத்தரவு இல்லாவிட்டாலும் அன்று வந்திருப்பேன்.

நாலரை மணிக்கு ஆட்டம் தொடங்கிற்று. கால் மணி ஆகியிருக்கும். அஞ்சலையின் புருஷன் கருப்பையா மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"டிரெசர் ஐயா, பிள்ளையோட கை வெளிய வந்திருச்சு. தலை வரல. கைதான் வருது."

உங்களுக்குப் புரியாது என்பதால் சொல்கிறேன். பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று அர்த்தம். மருத்துவச்சியாலும் ஆகாது, டிரெசராலும் ஆகாது. டாக்டர் கத்தி எடுக்க வேண்டும். பட்டணத்து சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் செம்மண் பாதையில் லாரியில் முக்கால் மணி. தோட்டத்து லாரி திடலின் மறுகோடியில் நின்றது. ஐஸ் பெட்டியும் பீரும் அதில்தான் வந்திருந்தன. துரை வாயால் சொன்னாலொழிய டிரைவர் லாரியை நகர்த்த மாட்டான். முந்தின வருஷம் நகர்த்தியவன் வேலையை இழந்திருந்தான். துரை திடலுக்குள் சேற்றில் புரண்டுகொண்டிருந்தார்.

"பாதி ஆட்டத்துல நிறுத்துவாங்க. அப்ப சொல்லிடறேன்" என்றேன்.

கருப்பையா என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவனுக்கு நான் சொன்னதுதான் சட்டம்.

பாதி ஆட்டத்துக்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் என் மகன் மூன்று தடவை பந்தைப் பிடித்தான். முதல் தடவை ஒரு தடியன் அவனைத் தூக்கி அடித்தான். எழுந்தான். இரண்டாவது தடவை பக்கத்து ஆளுக்கு எறிந்தான். மூன்றாவது தடவை மூன்று வெள்ளைக்காரர்கள் அவன் சட்டையைப் பிடிக்கப் பார்த்தும் கைக்கு அகப்படாமல் பாதித் திடல் ஓடினான். கோட்டுக்கு நாலடி முன்னால் சாய்த்துவிட்டார்கள். சுற்றி நின்ற துரைசானிகள் "யாரது? யாரது?" என்று கேட்டார்கள்.

பாதி ஆட்டம் வந்தது. துரையிடம் போனேன். எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொண்டே கேட்டார்.

"பொம்பளைக்குப் பிள்ளை குறுக்கே இருக்கு துரை. லாரி வேணும்."

"ஆட்டம் முடிச்சுப் போ."

"முடியற வரைக்கும் தாங்காது துரை."

"பிள்ளை தானே வரும். நீ இங்கே நில்லு."

திரும்பி வந்து நின்றேன். ஆட்டம் மறுபடி தொடங்கிற்று. இன்னும் பத்து நிமிஷம் நின்றேன்.  கருப்பையா எழுந்து தனியாக லயத்தைப் பார்க்க நடக்கத் தொடங்கினான். அவன் முதுகைப் பார்த்த பிறகுதான் நான் கோட்டைத் தாண்டினேன்.

நடந்து போனேன். ஓடவில்லை. பெட்டியும் கையில் இருந்தது. துரையைப் பார்த்து இங்கிலீஷில், "ஐயா, ஆட்டத்தை நிறுத்துங்கள், லாரியைக் கொடுங்கள்" என்று கத்தினேன். நடுவர் விசில் ஊதினார். எல்லோரும் நின்றுவிட்டார்கள், ஒருவனைத் தவிர. நடராஜன் அந்த நேரத்தில் பந்தோடு தனியாக ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்கு விசில் காதில் விழவில்லை. கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிவிட்டு, இரண்டு கையையும் தூக்கித் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துரை வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். எதிர்ப்பக்கத்துத் துரை ஒருவர்தான், "அந்த மனுஷனுக்கு லாரியைக் கொடுத்துத் தொலையும்" என்றார்.

லாரியில் அஞ்சலையை ஏற்றும்போது மணி ஐந்தேமுக்கால். அவள் பிழைத்தாள். பிள்ளை ஆண். வெளியே எடுக்கும்போது உயிர் இல்லை. சர்க்கார் டாக்டர் ஒரு தமிழர். கை கழுவிக்கொண்டே, "ஒரு மணி நேரம் முந்தி வந்திருக்கலாமே?" என்றார்.

"லாரி கிடைக்கலை சார்" என்றேன்.

5

செத்த பிள்ளைக்கும் தாள் உண்டு. மூன்று பிரதி. பெயரில்லாதவனுக்குப் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பாரத்தில் போட்டிருக்கவில்லை, கோடு போட்டேன். 'நோயாளி பற்றித் தகவல் வந்த நேரம்' என்று ஒரு கட்டம். நாலேமுக்கால் என்று எழுத வேண்டும். ஐந்து மணி பத்து நிமிஷம் என்று எழுதினேன். அதாவது பாதி ஆட்டம். நான் துரையிடம் சொன்ன நேரம்.

ஒரு வாரத்தில் கமிட்டியிடமிருந்து கடிதம் வந்தது. திடலுக்குள் அந்நியர் புகுந்து ஆட்டம் கெட்டால் அந்தத் திடலுக்குரிய பக்கம் தோற்றதாகும் என்று சட்டமாம். கோப்பை போய்விட்டது. உத்தரவில்லாமல் நிலையிடத்தை விட்டு நகர்ந்ததற்கு டிரெசர் விளக்கம் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி என் நிலையிடம் அல்ல, கவனியுங்கள். அன்றைக்கு என் நிலையிடம் அந்தச் சுண்ணாம்புக் கோடு.

நான் பென்சிலில் எழுதிக் கொடுத்தேன். நடராஜன் தட்டச்சில் அடித்தான். அந்த ஒரு வாரமும் அவன் என்னோடு பேசவில்லை. தாளை உருவி மேஜையில் வைக்கும்போது மட்டும் சொன்னான்.

"இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம்பா."

"ஒரு உசுருடா."

"ஐம்பது நிமிஷம் நின்னீங்க. ஒரு நிமிஷம் நிக்க முடியலையா?"

அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அவன் சொன்ன கணக்கு சரியாக இருந்தது.

6

விசாரணைக்குத் துரையும் கமிட்டிக் காரியதரிசியும் உட்கார்ந்தார்கள். என்னை நிற்க வைத்தார்கள். நடராஜன் ஓரத்தில் குறிப்பெடுத்தான். காரியதரிசி என் விளக்கத்தை வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நின்று சிரித்தார். துரையிடம் காட்டினார். அவரும் சிரித்தார்.

திடலுக்குள் இறங்கும் வரை பெரிய நெருக்கடியில் நின்றேன் என்று எழுதுவதாக என் எண்ணம். நெருக்கடிக்கு இங்கிலீஷில் 'பிரஷர்'. தாளில் இருந்தது 'பிளெஷர்'. பிளெஷர் என்றால் சந்தோஷம். பெரிய சந்தோஷத்தில் நின்றேன் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நடராஜன் வெளுத்துப்போய், நான் பென்சிலில் எழுதிய மூலத்தை எடுத்து நீட்டினான். அவன் பிழை இல்லை. என் கையெழுத்திலேயே அந்தச் சொல்தான் இருந்தது.

காரியதரிசிக்கு இளகிவிட்டது. நல்ல மனுஷர்தான். "டிரெசர், இது எழுத்துப் பிழை. திருத்திக் கையெழுத்துப் போடு. எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறோம்" என்று பேனாவை நீட்டினார்.

நடராஜன் தமிழில் மெதுவாக, "திருத்திடுங்கப்பா. பிளீஸ்" என்றான்.

பேனாவை வாங்கினேன். வாங்கிக்கொண்டு அந்தச் சொல்லையே பார்த்தேன். மூன்றாவது தடவை பந்தைப் பிடித்து ஓடினானே, அந்த ஓட்டம் கண் முன்னால் வந்தது. கருப்பையா காலடியில் உட்கார்ந்திருக்க, அந்த ஓட்டத்தை ஓர் அடி விடாமல் பார்த்தவன் நான். துரைக்குப் பயந்தது உண்மை. ஆனால் அந்த இருபத்தைந்து நிமிஷமும் பயத்தால் நிற்கவில்லை.

"பிழை இல்லை ஐயா. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்" என்றேன்.

திமிர் என்று நினைத்துக்கொண்டார்கள். துரை எழுந்துவிட்டார். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய உத்தரவு. உங்கள் பலகைக்கு இந்த இடம்தான் பிடித்திருக்கும். துரைக்கு முன்னால் பேனாவைத் திருப்பி வைத்த தமிழன். அதற்காகத்தான் மைத்துனன் இதோடு நிறுத்தியிருக்கிறான்.

நடராஜன் அந்த மாதமே வேலையை விட்டுச் சிங்கப்பூர் போனான். இப்போது ஒரு கப்பல் ஆபீசில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், பெண்டாட்டி பிள்ளையோடு. பேரன் என்னிடம் இங்கிலீஷில் பேசுவான். நான் இங்கிலீஷில் பதில் சொல்ல யோசிப்பதற்குள் அவன் வாசலுக்கு ஓடிவிடுவான். நடராஜன் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுப்பதில்லை. அவன் மறந்துவிட்டான் என்று அவன் அம்மா சொல்கிறாள். அவளுக்குத் தெரியாது, அவன் கைகளைத் தூக்கி நின்ற நிலை.

7

தோட்டத்தை விட்டுக் கிளம்புவதற்கு முதல் நாள் பிற்பகல் அஞ்சலையைப் பார்க்கப் போனேன். விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்து, பால் நிறுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தாள். லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"கோடாலியைக் கீழ வை. உடம்பு இன்னும் தேறலை" என்றேன்.

"வெச்சா சோறு வேகுமா?" என்றாள். வைக்கவில்லை.

நான் நின்றுகொண்டே சொன்னேன். பிள்ளைக்கு எழுதிய தாளில் நேரத்தை மாற்றிப் போட்டதைச் சொன்னேன். அவள் புருஷன் வந்து சொன்னபோதே திடலுக்குள் போயிருக்க வேண்டும் என்று சொன்னேன். லாரி கிடைக்கவில்லை என்று டாக்டரிடம் சொன்னது பாதிப் பொய் என்றேன். என் பையன் அன்றைக்கு ஆடினான், அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன் என்று கடைசியில் சொன்னேன். இதைச் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று. தமிழில் இவ்வளவு திக்கியதில்லை.

அவள் ஒரு கட்டையை நிமிர்த்தி வைத்து, பிளந்து, இரண்டு துண்டையும் ஓரமாக ஒதுக்கினாள்.

"தெரியும்" என்றாள். "அவருதான் உங்க காலடியிலேயே உக்காந்திருந்தாரே. உங்க பையன் ஓடுறப்ப பொட்டிய கீழ வெச்சிட்டுக் கை தட்டினீங்களாமே. அன்னிக்கே வந்து சொன்னாரு."

கை தட்டியது எனக்கு நினைவே இல்லை. மருந்துப் பெட்டி முழு நேரமும் என் கையிலேயே இருந்தது என்றுதான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தள்ளி நில்லுங்க டிரெசர் ஐயா, செராய் தெறிக்கும்" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த கட்டையை எடுத்தாள்.